மட்டையும் ஓலையும்

கேள்வி: திருக்குர்ஆனைப் பேரீச்ச ஓலையிலும் எலும்பிலும் எழுதி வைத்து, இருபது வருடம் கழித்துத்தான் தொகுத்தார்கள் என்கிறார்கள். அதற்குள் ஓலை செல்லரித்திருக்காதா? கலீஃபா உஸ்மான் மற்ற பிரதிகளை எரித்தும் விட்டாராமே! பிறகு எப்படி அது மாறாமல் வந்தது என்று சொல்ல முடியும்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பேரீச்சையில் எழுதுகிற ஓலை ஏது? பனை ஓலை விசிறி போல விரிந்தது. நறுக்கி, வேகவைத்து, பதப்படுத்தினால் எழுத்தாணி ஓடும். பேரீச்சை மட்டையின் இரண்டு பக்கமும் இருப்பது ஒடுங்கிய, நடுவில் மடிந்த, நுனி குத்துகிற கீற்று. பாய் முடையலாம், கூடை பின்னலாம். வசனம் எழுத முடியாது. அரபு மூலத்தில் வரும் சொல் ‘உஸுப்’. கீற்றை உருவிப் போட்ட பிறகு மிஞ்சும் மட்டை என்று பொருள். அதன் அடிப்பக்கம் அகலமாக இருக்கும். அங்கே நாணல் பேனாவை மையில் தோய்த்து எழுதினார்கள். ஓலைக்கும் மட்டைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிற மொழியில் எழுதிக்கொண்டு எல்லாவற்றையும் ‘ஓலை’ என்று பெயர்த்துவிட்டால், செல்லரித்ததா, சுவடி உதிர்ந்ததா என்று நம் ஊர்க் கவலையெல்லாம் மதீனாவுக்குப் போய்விடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஒரு முறையாவது அந்த மரத்தைப் பார்க்க வேண்டும்.

மட்டையோடு தோல் துண்டு, மெல்லிய வெள்ளைத் தட்டைக் கல், ஒட்டகத்தின் தோள்பட்டை எலும்பு ஆகியவையும் இருந்தன. தோள்பட்டை எலும்பு ஒரு முனையில் விசிறியாக விரிந்திருக்கும், காய்ந்தால் பலகைதான். நாலாம் சூராவின் (அத்தியாயத்தின்) 95ஆம் வசனம் அருளப்பட்டபோது, எலும்பும் மைக்கூடும் கொண்டுவரச் சொல்லித் தம் எழுத்தர் ஸைத் இப்னு ஸாபித்தை நபிகள் நாயகம் அழைத்தார்கள். போருக்குப் போகிறவரும் வீட்டில் தங்குகிறவரும் சமமாக மாட்டார்கள் என்பது வசனம். பக்கத்தில் இருந்த கண் தெரியாத தோழர் இப்னு உம்மி மக்தூம், “எனக்குக் கண் தெரியாதே?” என்று கேட்டார். ‘இயலாமை உள்ளவர் நீங்கலாக’ என்ற தொடர் அப்போதே அருளப்பட்டு, எழுதிய வரியின் நடுவே சேர்க்கப்பட்டது. அது எலும்பில் எங்கே ஏறியது என்பதுகூட ஸைதுக்கு நினைவிருந்தது. எலும்பில் ஒரு விரிசல் இருந்ததாம், அதை ஒட்டி. இது அபூதாவூத் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. எழுதி, படித்துக் காட்டி, விட்ட சொல்லை உரிய இடத்தில் ஏற்றுவது மெய்ப்புத் திருத்தம். ‘கிறுக்கி வைத்தார்கள்’ என்று பேசுகிறவர்களுக்கு அந்த விரிசலைக் காட்டுங்கள்.

‘இருபது வருடம்’ என்பதும் சரியில்லை. நபிகள் நாயகம் மறைந்தது 632இல். ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் யமாமா போரில், மனனம் செய்திருந்த பலர் மாண்டுபோனார்கள். பயந்துபோன தோழர் உமர், எழுத்தில் திரட்டும்படி கலீஃபா அபூபக்கரை வற்புறுத்தினார். வேலை ஸைதிடம் வந்தது. ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்றார் அவர். இத்தனைக்கும் அவரே முழுக்க ஓதத் தெரிந்தவர். நினைவிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கலாம், எழுதவில்லை. பள்ளிவாசலின் வாசலில் உட்கார்ந்து, இரண்டு சாட்சியோடு கொண்டுவருவதை மட்டும் எழுது என்று அவருக்கு உத்தரவு என ஓர் அறிவிப்பு சொல்கிறது. அந்த இரண்டு சாட்சி மனனமும் எழுத்தும்தான் என்று விளக்கிய உரையாசிரியர்கள் உண்டு. பின்னால் உஸ்மான் காலத்தில் படி எடுத்தபோதும், 33:23 வசனத்தை (33ஆம் சூரா, 23ஆம் வசனம்) நபிகள் ஓதித் தாமே கேட்டிருந்தும், எழுத்தில் காணாமல் தேடி அலைந்து, குஸைமா என்ற தோழரிடம் கண்டெடுத்த பிறகுதான் ஸைத் சேர்த்தார்.

எழுத்தை மட்டும் ஏன் நம்பவில்லை? அன்றைய அரபு எழுத்து அப்படி. பா, தா, ஸா, நூன், யா என்ற ஐந்து எழுத்தும் சொல்லின் நடுவில் வந்தால் ஒரே மாதிரி, பல் போல மேலெழும் ஒரு சிறு கோடு. பிரிப்பது மேலோ கீழோ இடும் புள்ளி. அந்தப் புள்ளியை அபூர்வமாகத்தான் இட்டார்கள். புள்ளி தெரியாமல் இல்லை. ஹிஜ்ரி 22இல், அதாவது 643இல், எகிப்தில் 65 ஆடுகளுக்கு எழுதிக் கொடுத்த பாப்பிரஸ் ரசீதிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி இருக்கிறது. படிப்பவருக்கு எப்படியும் தெரியும் என்றே விட்டார்கள். நம் பழஞ்சுவடியில் மெய்க்குப் புள்ளி இல்லாமல் எழுதியதும் அதே நம்பிக்கையில்தான்.

49:6இல் ஒரு சொல்: முன்னால் ஃபா, பின்னால் வாவும் அலிஃபும், நடுவே நான்கு பல். ஒவ்வொரு பல்லையும் ஐந்து விதமாகப் படிக்கலாம் என்றால் 625 வழி. ஓதல் மரபில் இருப்பது இரண்டே: ‘ஃபதபய்யனூ’, தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், ‘ஃபதஸப்பதூ’, உறுதிசெய்துகொள்ளுங்கள். காகிதத்தைப் பார்த்து ஊகித்துப் படித்திருந்தால் இரண்டில் நின்றிருக்குமா? காதால் கேட்டவர்கள் படித்ததால் நின்றது.

இனி எரித்தது. 650ஐ ஒட்டி, அர்மீனியா, அஸர்பைஜான் படையெடுப்பில் சிரியாக்காரர்களும் ஈராக்காரர்களும் ஓதலில் சண்டை போடுவதைப் பார்த்த நபித்தோழர் ஹுதைஃபா, பதறிப்போய் உஸ்மானிடம் வந்தார். அபூபக்கர் காலத்து ஏடுகள் அப்போது உமரின் மகள் ஹஃப்ஸாவிடம் இருந்தன. உஸ்மான் அவற்றை வாங்கி, ஸைதையும் நபிகளின் குலமான குறைஷியர் மூவரையும் உட்காரவைத்துப் படி எடுக்கச் செய்தார். ‘தாபூத்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து தாவா, ஹாவா என்று தகராறு வந்தபோது, குறைஷி வழக்குப்படி தா எழுதச் சொன்னார். ஏடுகளை ஹஃப்ஸாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, படிகளைக் கூஃபா, பஸ்ரா, டமாஸ்கஸ் போன்ற நகரங்களுக்கு அனுப்பினார். மற்றவற்றை எரிக்கச் சொன்னார். கூஃபாவில் இருந்த நபித்தோழர் இப்னு மஸ்ஊத் இதற்கு ஒப்பவில்லை. இதை எந்த எதிரியும் துப்பறிந்து சொல்லவில்லை. முஸ்லிம் அறிஞர்களே பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நகரப் படிகளுக்குள் இருந்த நாற்பது சொச்சம் சிறு வேறுபாடுகளையும் பட்டியல் போட்டார்கள். 3:133இன் தொடக்கத்தில் ‘வ’ மதீனா, சிரியா படிகளில் இல்லை. ஈராக் படியில் உண்டு. யாரும் ஒட்டுப்போடவில்லை. யேமன் நாட்டு ஸன்ஆவின் பெரிய பள்ளிவாசலில் 1972இல் கிடைத்த குவியலில் ஒரு தோல் பிரதி இருக்கிறது. அதில் அழித்த கீழ் எழுத்தில் சூரா வரிசையும் சில சொற்களும் வேறு. மேலே எழுதியது உஸ்மானின் பாடம். அந்தக் காலத்தில் வேறு படிகளும் புழங்கின என்ற பழைய செய்திக்கு அதுவே சாட்சி.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய குர்ஆன் தோல் ஏடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் ‘568 முதல் 645 வரை’ என்று கார்பன் முடிவு வந்ததும், எழுதிய ஆண்டே கிடைத்துவிட்டதாக எழுதினார்கள். கார்பன் சொல்வது ஆடோ கன்றோ செத்த ஆண்டை. மை தொட்ட நாளை அது சொல்லாது.

மூலப்படி ஒன்றே என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று எழுத்துக்கூட்டு. ‘நிஃமத்’, அதாவது அருள், என்ற சொல்லின் கடைசி எழுத்தை 11 இடங்களில் நீண்ட தாவாகவும் மற்ற இடங்களில் வட்ட எழுத்தாகவும் எழுதுவது மரபு. இலக்கணத்தில் இதற்குக் காரணம் இல்லை. எழுதிய கை அன்று அப்படிப் போனது, அவ்வளவுதான். 2019இல் மொழியியல் ஆய்வாளர் மரைன் வான் புட்டன் பத்துக்கு மேற்பட்ட மிகப் பழைய பிரதிகளை ஒப்பிட்டார். அந்தந்த இடத்தில் அந்தந்த எழுத்தே வருகிறது. வாய்மொழியில் இரண்டுக்கும் ஓசை ஒன்று, ஆகவே காதால் கேட்டு எழுதியிருந்தால் இந்த ஒற்றுமை வராது. கண்ணால் பார்த்து எழுதியிருக்க வேண்டும், அதுவும் ஒரே படியின் வழிவந்த படிகளை. பக்கத்து வீட்டில் முஸ்ஹஃப் (அரபுக் குர்ஆன் பிரதி) இருந்தால், ஓதத் தெரிந்தவரிடம் 14:34ஐயும் 16:18ஐயும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘அல்லாஹ்வின் அருளை எண்ணினால் எண்ணி முடிக்க மாட்டீர்கள்’ என்ற அதே வாக்கியம் இரண்டிலும் வரும். முதலாவதில் தா நீண்டு படுத்திருக்கும், இரண்டாவதில் வட்டமாக முடிந்திருக்கும்.