ஜமைக்காவின் இளம் ராப் பாடகர்களில் யாரைக் கேட்கத் தொடங்கலாம்? அவருடைய கதை என்ன?

யோசிக்கவே வேண்டாம், கோஃபியைக் கேளுங்கள். இயற்பெயர் மிக்கேலா சிம்ப்சன். 2000 பிப்ரவரியில் பிறந்தவர், கிங்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பானிஷ் டவுன் சொந்த ஊர். பல வருஷமாக இவருடைய பாட்டு இல்லாமல் நான் பஸ் ஏறியதில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு விஷயம். நாம் ராப், சொல்லிசை என்று சொல்வதை ஜமைக்காவில் டீஜேயிங் என்பார்கள். அங்கே டீஜே என்றால் மைக்கைப் பிடித்துத் தாளத்தின் மேல் சொற்களை அடுக்குகிறவர். இசைத்தட்டு போடுகிறவருக்கு செலக்டர் என்று பெயர். இந்தக் கலைக்கு டோஸ்டிங் என்று ஒரு பழைய பெயரும் உண்டு. ராப் அடங்கிய ஹிப்ஹாப் கலை பிறந்த இடமாகச் சொல்லப்படும், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973-ல் நடந்த விருந்தில் இசைத்தட்டு போட்ட கூல் ஹெர்க்கே கிங்ஸ்டனில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா போனவர்தான். ஆகவே கோஃபியை ராப் பாடகர் என்று சொன்னால் தப்பில்லை, ஆனால் அவர் ராப்பின் தாய்வீட்டுப் பிள்ளை.

கோஃபியை வளர்த்தது அம்மா மட்டும். தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிற வீடு, சின்ன வயதில் அங்கே பாடகர் குழுவில் பாடியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் ஒரு தோழியிடம் கிடாரை இரவல் வாங்கித் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். கிங்ஸ்டனில் உள்ள ஆர்டென் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, வெயில் கொளுத்திய ஒரு நாளில் எல்லோரும் சோடா குடிக்க இவர் மட்டும் காபி குடித்தாராம். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

2017-ல் உசைன் போல்ட்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, கிடாரோடு பாடி இன்ஸ்டாகிராமில் போட்டார். போல்ட் கடைசியாக ஓடி, காயத்தோடு தடத்தைவிட்டுப் போன வருஷம் அது, ஊரே அவரை நினைத்துக்கொண்டிருந்த நேரம். போல்ட்டே அந்த வீடியோவை எடுத்துத் தன் பக்கத்தில் பகிர, பதினேழு வயதுப் பெண்ணின் குரல் நாடு முழுக்கப் போய்விட்டது.

அதே வருஷம் முறையாக வெளியான முதல் பாட்டு 'பர்னிங்'. இங்கே ஜமைக்காவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், எனக்கு அந்த நாட்டு இசையில் ரொம்பப் பிடித்ததே இதுதான். ஒரு தயாரிப்பாளர் ஒரு தாளக்கட்டைச் செய்வார், அதை ரிடிம் என்பார்கள். அதே ரிடிமின் மேல் பலர் ஆளுக்கொரு பாட்டு பாடுவார்கள், பெரிய பெயர் ஒருவரும் நேற்று வந்த பொடியனும் ஒரே தாளத்தில் நிற்பார்கள், யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். 'பர்னிங்' அப்படிப் பலருக்கும் பொதுவான ஒரு ரிடிமில் வந்த பாட்டுதான். சொந்தமாக ஸ்டூடியோவும் இசைக்குழுவும் இல்லாத ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல கதவு கிடைத்திருக்காது.

அப்புறம் 2018 ஜனவரி. ரெபெல் சல்யூட் என்பது செயின்ட் ஆன் பகுதியில் அப்போது நடந்த பெரிய ரெகே விழா, மதுவும் இறைச்சியும் விற்காத விழா. ரெகே என்பது ஜமைக்காவில் பிறந்த இசை வகை. அங்கே மூத்த பாடகர் கோகோ டீ, தனக்குக் கொடுத்த நேரத்தில் இந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தின் முன்னால் நிற்க மற்றவர்கள் எத்தனை வருஷம் காத்திருப்பார்கள்! கோகோ டீ 2025 மார்ச்சில் காலமானபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் பாடிய எதுவும் இல்லை, அந்த மைக்தான்.

அந்த 2018-லேயே வந்த 'ராகமஃபின்' துப்பாக்கிச் சாவுகளையும், ஏழைப் பகுதிப் பையன்களைக் கைவிட்ட ஆட்சியாளர்களையும் நேராகக் கேட்கிற பாட்டு. ஸ்பானிஷ் டவுன் கும்பல் வன்முறையால் நெடுநாளாக அடிபட்ட ஊர், அங்கே வளர்ந்தவர் அதைத் தள்ளி நின்று பாட முடியாது. அதே கை எழுதியதுதான் 'டோஸ்ட்', முழுக்க முழுக்க நன்றி சொல்கிற பாட்டு. கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதும் டோஸ்ட்தான், அந்தப் பழைய கலையின் பெயரும் அதுதான், எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது. இரவல் கிடார், போல்ட்டின் பகிர்வு, பொது ரிடிம், கோகோ டீயின் மேடை என்று இவர் கைக்கு வந்ததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தால் அந்த நன்றி வெறும் வாய்ச்சொல் இல்லை என்று புரியும்.

2019 மார்ச்சில் 'ராப்ச்சர்' என்ற சிறு ஆல்பம் வந்தது. ஐந்தே பாட்டு. 2020 ஜனவரியில் அது சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. எதிரே நின்றவர்கள் யார் தெரியுமா? பாப் மார்லியின் மகன் ஜூலியன் மார்லி, எழுபதுகளிலிருந்து பாடிக்கொண்டிருக்கும் தேர்ட் வேர்ல்ட், ஸ்டீல் பல்ஸ் குழுக்கள். கோஃபிக்கு அப்போது வயது 19. அந்தப் பிரிவில் வென்றவர்களில் மிக இளையவர், தனிப் பாடகியாக வென்ற முதல் பெண்ணும் அவர்தான்.

முழு நீள ஆல்பமான 'கிஃப்டட்' 2022 மார்ச்சில் வந்தது. நல்ல ஆல்பம்தான், இன்னொரு கிராமி பரிந்துரையும் வாங்கித் தந்தது. ஆனால் 'ராப்ச்சரில்' இருந்த அந்த வேகம், மூச்சுவிடாமல் சொற்களை உருட்டுகிற அந்தத் துடிப்பு இதில் கொஞ்சம் தணிந்துவிட்டது என்பது என் எண்ணம். பாடகியாக வளர்ந்திருக்கிறார், டீஜேயாக அடக்கி வாசிக்கிறார்.

சரி, எங்கே தொடங்குவது? 'டோஸ்ட்' முதலில், அடுத்து 'ராகமஃபின்', பிறகு 'த்ரோன்'. அவர் பாடுவது ஜமைக்காவின் பேச்சுமொழியான பாட்வா, ஆங்கிலம் தெரிந்தாலும் முதல் தடவை பாதிதான் பிடிபடும். இரண்டாவது தடவை வரிகளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், 'த்ரோன்' பாட்டுக்கு மூன்றாவது தடவையும் தேவைப்படும்.