படம் இருட்டா, டி.வி. இருட்டா?

கேள்வி: போன மாதம் வீட்டில் நான்கு படங்களும் ஒரு வெப் தொடரும் பார்த்தேன். 55 இஞ்ச் புது டி.வி.; அதோடு புளூடூத்தில் இணைத்த ஒரு சவுண்ட்பார். முதல் படம் சீரியல் மாதிரி இருந்தது. இரண்டாவதில் பாதிக் காட்சிகள் இருட்டு. மூன்றாவதில் பேசுவது காதில் விழவில்லை, ஆனால் சண்டை வந்தால் வீடே அதிர்கிறது. நான்காவது டப்பிங் படம், வாயும் பேச்சும் ஒட்டவில்லை. வெப் தொடர் நாலாவது எபிசோடுக்கு மேல் ஒரே இழுவை. இதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அதே படங்களைத் தன் வீட்டில் பார்த்த என் நாத்தனார், “ஒளிப்பதிவு பிரமாதம், டப்பிங் கச்சிதம், உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை அண்ணி” என்கிறார். என் ரசனையில்தான் கோளாறா?

பதில்: ரசனையில் ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் பட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன ஐந்து குறைகளில் முதல் நான்கும் படத்தில் இருப்பவையாக எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் டி.வி.யிலும் சவுண்ட்பாரிலும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாத்தனாரும் நீங்களும் பார்த்தது ஒரே படம்தான்; ஆனால் இரண்டு வீட்டுத் திரையிலும் ஒரே மாதிரி ஓடவில்லை.

முதலில் அந்த ‘சீரியல் மாதிரி’. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக எடுக்கப்படுகிறது. வீடியோ கேமராவில் எடுத்த தொலைக்காட்சி சீரியல்கள் நொடிக்கு 50 அல்லது 60 முறை அசைவைப் பதிவு செய்தவை. அதனால்தான் அசைவு வழவழவென்று ஓடினாலே நம் கண் அதை சீரியல் என்று எடுத்துக்கொள்கிறது. புது டி.வி.க்கள் இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் இல்லாத ஃப்ரேம்களைத் தாமாகவே கணக்குப் போட்டு நுழைக்கின்றன. எல்.ஜி.யில் இதற்கு ட்ரூமோஷன் என்று பெயர், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. பல மாடல்களில் பெட்டியைப் பிரிக்கும்போதே இது ஆன் ஆகித்தான் இருக்கும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுத் தனி வீடியோவே வெளியிட்டார்கள்.

உங்கள் டி.வி.யில் இது ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க, கம்பிக் கதவுக்கோ கட்டம் போட்ட திரைச்சீலைக்கோ முன்னால் ஒருவர் நடக்கும் காட்சியைப் போடுங்கள். தலையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு, தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் கம்பிகள் நெளிந்தால் சந்தேகமே வேண்டாம். கம்பி எது, முடி எது என்று டி.வி.யின் கணக்கு தடுமாறும் இடம் அது.

அணைப்பதற்குச் சுலபமான வழி, பிக்சர் மோடில் ‘ஃபிலிம்மேக்கர்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது. 2019-இல் அறிவிக்கப்பட்ட இந்த மோட், அசைவுக் கணக்கையும் செயற்கைக் கூர்மையையும் ஒரே அழுத்தில் நிறுத்திவிடும். அது இல்லாவிட்டால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோடுக்குப் போய், அசைவு அமைப்பைத் தனியாக ‘ஆஃப்’ செய்யுங்கள். சினிமா மோடிலும் சில டி.வி.க்கள் அதைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். அணைத்த பிறகு, கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசான குலுக்கல் தெரியலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படம் காட்டும் திரையில், 24 சரிசமமாக வகுபடாது, ஒரு ஃப்ரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும் என்பதுதான் காரணம். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக ஐந்து முறை வரும், இந்தத் தொல்லை குறைவு. குலுக்கல் உறுத்தினால் ‘கஸ்டம்’ அல்லது ‘யூசர்’ பகுதியில் ஜட்டர் என்பதை 10-க்கு 1 அல்லது 2 வையுங்கள். அதற்கு மேல் போனால் மறுபடி சீரியல்தான்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பல டி.வி.க்களில், மெனுவில் நீங்கள் மாற்றுவது அந்த நேரத்தில் ஓடும் இணைப்புக்கும் அந்த வகைப் படத்துக்கும் மட்டும்தான் பதிவாகும். செட்டாப் பாக்ஸில் செய்தி ஓடும்போது மாற்றிவிட்டு, ஓ.டி.டி. செயலிக்குப் போனால் பழைய அமைப்பே நிற்கும். சாதாரணப் படம், வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்.டி.ஆர்., அதன் ஒரு வகையான டால்பி விஷன் மூன்றுக்கும் தனித்தனி நினைவு. ஆகவே படத்தை ஓடவிட்டு, அது ஓடும்போதே மெனுவைத் திறந்து மாற்றுங்கள்.

அடுத்து இருட்டு. 2019-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எட்டாவது சீசனின் மூன்றாவது எபிசோடில் இரவுப் போரே கண்ணுக்குத் தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார் எழுந்தபோது, ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் டி.வி.யைச் சரியாக அமைக்கப் பலருக்குத் தெரியவில்லை என்று பதில் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. இருட்டுக் காட்சிகளை இணையத்தில் அனுப்பச் சுருக்கும்போது நிழலின் நுட்பம்தான் முதலில் அடிபடுகிறது.

எச்.டி.ஆர். படங்களின் நிறமும் வெளிச்சமும் மங்கலான அறையில் உட்கார்ந்து முடிவு செய்யப்படுபவை. உங்கள் கூடத்தில் டி.வி.க்கு எதிரே விளக்கு எரிந்தால், கண்ணாடியில் விழும் அந்த வெளிச்சம் நிழல்களை எல்லாம் மூடிவிடும். எதிர் விளக்கை அணைத்துவிட்டு, வேண்டுமானால் டி.வி.க்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சிறு விளக்கு வையுங்கள். மின்சாரம் சேமிக்கும் ‘ஈகோ’ அமைப்பையும், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மங்கவைக்கும் சென்சாரையும் நிறுத்துங்கள். எச்.டி.ஆர். ஓடும்போது பேக்லைட் (திரையின் மொத்த வெளிச்சம்) முழு அளவில் இருக்க வேண்டும்.

‘பிரைட்னஸ்’ என்ற பெயரைப் பார்த்ததும் அதை ஏற்றிவிடாதீர்கள். பல டி.வி.க்களில் அது வெளிச்சத்தைக் கூட்டாது, கறுப்பைச் சாம்பலாக்கும். (சோனியில் பிரைட்னஸ்தான் பேக்லைட், கறுப்பை மாற்றுவது ‘பிளாக் லெவல்’.) அளவு பிடிக்க ஒரு வழி: அகலத் திரைப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருமல்லவா, இரவில் விளக்கை அணைத்து அந்தப் பட்டையைப் பாருங்கள். அது சாம்பல் பூக்கும்வரை ஏற்றி, மறுபடி கறுப்பாகும் புள்ளிக்கு இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். அதற்குக் கீழே இறக்கினால் கறுப்புச் சட்டையின் மடிப்பும் கூந்தலின் இழையும் காணாமல் போகும். டி.வி.யில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அல்லது செட்டாப் பாக்ஸ் வழியாகப் பார்ப்பவர் என்றால், எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல் ‘ஆட்டோ’வில் இருக்கட்டும்; கறுப்பு எந்த அளவில் தொடங்குகிறது என்பதை அனுப்பும் கருவி ‘ஃபுல்’ என்றும் டி.வி. ‘லிமிடெட்’ என்றும் எடுத்துக்கொண்டாலும் நிழல் அப்பிப்போகும்.

இருட்டுக்குள் கட்டம் கட்டமாகவோ, வானத்தில் படிக்கட்டுபோல் பட்டை பட்டையாகவோ தெரிந்தால் இணைய வேகக் குறைவு காரணமாக இருக்கலாம். முழு எச்.டி.க்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே என்றால் 15 வேண்டும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். செயலியில் ‘டேட்டா சேவர்’ ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடத் தொடங்கியதும் சில நொடி மங்கலாக வருவது இயல்பு, அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’-இல் இருக்கட்டும். முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும். இரண்டு மூன்று நாளில் கண் பழகிய பின், பழைய ‘விவிட்’ எவ்வளவு நீலம் என்று தெரியும். ஷார்ப்னஸை பூஜ்யத்துக்கு அருகே வையுங்கள் (சோனியில் நடு அளவான 50). கறுப்புப் பட்டையை ஒழிக்க ஜூம் செய்யாதீர்கள். 2.39-க்கு 1 அகலத்தில் எடுத்த படத்தை முழுத் திரைக்கு இழுத்தால் அகலத்தில் கால்வாசி வெட்டுப்படும். ஓரத்தில் நிற்கும் ஆளையே இழந்துவிட்டு ஃப்ரேமிங் சரியில்லை என்று சொல்ல நேரும்.

வசனம் காதில் விழாததற்கு வருவோம். திரையரங்க ஒலி 5.1 என்று ஆறு வழியாகப் பிரிந்து வரும். அதில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குரியது. நடு ஸ்பீக்கர் இல்லாத சவுண்ட்பாரில் ஆறும் இரண்டாகக் கலக்கும்போது, இசையும் இரைச்சலும் பேச்சின் மேலேயே வந்து உட்காரும். படத்தின் ஆடியோ பட்டியலில் 5.1-க்குப் பக்கத்தில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ‘நைட் மோட்’ போட்டால் உரத்த ஒலி அடங்கி மெல்லிய ஒலி எழும்பும். சண்டைக்கும் கிசுகிசுப்புக்கும் உள்ள தூரம் குறையும். ‘வாய்ஸ்’ அல்லது ‘கிளியர் டயலாக்’ இருந்தால் அதையும் போடலாம். ‘சரவுண்ட்’ என்ற போலி விரிவு வேண்டாம், அது நடுவில் நிற்கும் குரலைத்தான் கரைக்கும். ஈக்வலைசர் இருந்தால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு படி ஏற்றி, 100 ஹெர்ட்ஸை இரண்டு படி இறக்குங்கள். க, ச, த போன்ற எழுத்துகளின் தெளிவு மேலே இருக்கிறது, அதிர்வு கீழே இருக்கிறது.

சேனலிலிருந்து ஓ.டி.டி.க்கு மாறியதும் ஒலி குறைவதும் படத்தின் தப்பு இல்லை. ஒலியின் உரப்பை அளக்கும் எல்.கே.எஃப்.எஸ். கணக்கில், நெட்ஃப்ளிக்ஸ் பேச்சின் சராசரியை மைனஸ் 27-இல் வைக்கச் சொல்கிறது, தொலைக்காட்சி ஒளிபரப்பின் அளவு அதைவிட உரத்த மைனஸ் 23 அல்லது 24. வால்யூமைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

டப்பிங் விஷயத்தில்தான் அந்தப் படத்துக்கு நீங்கள் அநியாயம் செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறோம். புளூடூத் வழியே போகும் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை பிந்தலாம். ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ, 125 பிந்தினாலோ மனிதருக்குத் தெரிந்துவிடும் என்பது ஒலிபரப்புத் துறை வைத்திருக்கும் கணக்கு. உங்கள் இணைப்பு அந்த எல்லையைத் தாண்டியிருக்கும்.

சோதிப்பது எளிது. அதே காட்சியை மூல மொழியில் இரண்டு நிமிடம் போடுங்கள். உதட்டில் கண் வையுங்கள். ப, ம இரண்டையும் உதடு ஒட்டாமல் சொல்ல முடியாது. உதடு ஒட்டி, பிரிந்து, அதற்குப் பிறகு ‘ம’ கேட்கிறதென்றால் நடிகரின் சொந்தக் குரலே பிந்துகிறது, குற்றம் இணைப்பில். மூல மொழியில் ஒட்டி, டப்பிங்கில் மட்டும் ஒட்டாவிட்டால் உங்கள் விமர்சனம் சரி. நல்ல டப்பிங் எழுத்தாளர் உதடு மூடும் இடம் பார்த்து ப, ம வரும் சொல்லைக் கொண்டுவந்து வைப்பார். ‘வேண்டாம்’ என்று முடிக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று முடித்திருந்தால், பேச்சு ஓய்ந்த பிறகும் வாய் தனியாக மூடும்.

குற்றம் இணைப்பில் என்றால் புளூடூத்தை விட்டுவிட்டு, டி.வி.யின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும், ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கும் துளையில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகுங்கள். சவுண்ட்பாரில் உள்ள ‘ஆடியோ டிலே’யைக் கூட்டாதீர்கள், அது ஒலியை இன்னும் பின்னுக்குத் தள்ளும். கேபிள் போட்டும் கொஞ்சம் பிசகினால், படத்தையும் ஒலியையும் ஒட்டவைக்கும் டி.வி.யின் ‘ஏ.வி. சிங்க்’கில் 10, 20 மில்லிசெகண்டாக நகர்த்திப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு நான்கு படங்களையும் முழுதாகப் பார்க்க வேண்டாம். உறுத்திய காட்சியிலிருந்து பத்துப் பத்து நிமிடம் போதும். 55 இஞ்ச் திரைக்கு ஏழரை அடி தூரத்தில் உட்காருங்கள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருந்தால் 4கே நுணுக்கம் எதுவும் கண்ணுக்கு வராது. பிறகும் இருட்டாகத் தெரிந்தால், வசனம் அப்போதும் அமுங்கினால், குழுவில் தயங்காமல் எழுதுங்கள். முகமே தெரியாமல் இரவுக் காட்சி எடுப்பவர்களும், இசையை வாரி இறைத்துப் பேச்சைப் புதைப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வெப் தொடர் நாலாவது எபிசோடுக்கு மேல் இழுக்கிறது என்றீர்களே, அதில் மட்டும் பின்வாங்க வேண்டாம். அந்த இழுவையைச் சரிசெய்யும் பட்டன் எந்த ரிமோட்டிலும் இல்லை. எந்தக் காட்சியில் கதை நின்றது, அதற்குப் பிறகு எத்தனை காட்சிகள் தெரிந்ததையே திரும்பச் சொல்கின்றன என்று குறித்து நாத்தனாருக்கு அனுப்புங்கள். அவர் வீட்டு டி.வி.யிலும் அவை அப்படியேதான் ஓடியிருக்கும்.