ஈஸ்ட் ஹாமில் பழைய செங்கல் வீடு எடுக்கும் முன்

தம்பி, லண்டன் ஈஸ்ட் ஹாமில் 1900 வாக்கில் கட்டிய வரிசை வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது, எடுக்கலாமா, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியும் பஸ்ஸும் குடிபோன ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். சுவரைப் பாருங்கள், அதைத்தான் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கால வீடுகளில் பெரும்பாலும் ஒன்பது இஞ்சுச் சுவர்தான், இரண்டு அடுக்காகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டது கிடையாது. ஒரே வரியில் நீளச் செங்கல், குட்டைச் செங்கல் என்று மாறி மாறித் தெரிந்தால் அது அப்படிப்பட்ட சுவர். குட்டையாகத் தெரிவது குறுக்கே படுத்திருக்கும் கல்லின் முனை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, மழையில் நனைந்து காற்றில் காய்ந்து நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. அதன் இடுக்கில் யாராவது சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லிலேயே தங்கி, குளிரில் உறைந்து, கல்லின் முகம் பொரிந்து உதிரும். கல் குழிந்து பூச்சு மட்டும் துருத்திக்கொண்டிருக்கிற வீடு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், தரையை ஒட்டி ஓட்டை போட்ட செங்கல் இருக்கும், பலகைத் தரைக்கு அடியில் காற்று போவதற்கு. குளிர் வருகிறது என்று நம் ஆட்கள் அதில் துணி திணித்து அடைக்கிறார்கள், கார் நிறுத்த முன்வாசலில் கான்கிரீட் கொட்டி உயர்த்துகிறார்கள். ஓதம் ஏறாமலிருக்க வீட்டைக் கட்டியவன் அடிச்சுவரில் சிலேட்டு ஒரு வரி வைத்திருப்பான், கான்கிரீட் அதைத் தாண்டினால் சிலேட்டு இருந்தும் பிரயோஜனமில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நான் வந்த புதிதில் இருந்தது பின்கட்டு மாடி அறை. கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சணம், தலையணை உறைகூட ஈரமாக இருக்கும். வீட்டுக்காரரும் நம்மவர்தான், நீங்கள் குழம்பு கொதிக்க வைப்பதால்தான் என்றார். வெளியே போய்ப் பார்த்தால் கூரைத் தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாய் வெடித்து, சுவரில் பச்சைப் பாசி. கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் வாயை மூடினார். பிற்பாடு நானே அதே மாதிரி வீடு வாங்கி, வயதான கொத்தனார் ஒருவரை வைத்துச் சிமெண்டைச் சுரண்டியெடுத்துச் சுண்ணாம்பு வைத்தேன், கூடவே நின்று கலவை பதமும் கற்றுக்கொண்டேன். இப்போது தெருவில் வெள்ளைக்காரர்களே வந்து கேட்கிறார்கள். புது ஃபிளாட்தான் கௌரவம் என்பவர்கள் சொல்லட்டும், நல்ல பழைய சுவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஏஜென்ட் புதுப் பெயின்ட் அடித்ததைத்தான் காட்டுவார். நீங்கள் நல்ல மழை பெய்த மறுநாள் போய், பின்பக்கச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.