புள்ளிமான் தோட்டத்துக்குள் வந்தால்

கேள்வி: திருகோணமலை நகரில், கடற்கரைப் பக்கமாக 40 பேர்ச் (கால் ஏக்கர்) வளவில் பயிற்றை, வெண்டி, பொன்னாங்காணி, மரவள்ளி வைத்திருக்கிறேன். இரண்டு பசுக்களும் சில ஆடுகளும் உண்டு. இரவில் மான்கள் வந்து பயிற்றைக் கொடியை மொட்டையாக்கிவிடுகின்றன. ஓர் ஆண் மான் முருங்கைக் கன்றுகளின் பட்டையை உரித்துவிட்டது. பழைய மீன்வலையைக் கட்டு என்கிறார் ஒருவர், நாயை அவிழ்த்துவிடு என்கிறார் இன்னொருவர். நேற்றுக் காலை வாழையடியில் ஒரு மான்குட்டி தனியாகப் படுத்திருந்தது. ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்து வளர்க்கலாமா? மான்களால் என் மாடுகளுக்கு நோய் வருமா?

பதில்: வணக்கம் அம்மா. குட்டி விடயம் பொறுக்காது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதைத் தூக்க வேண்டாம். தாய் அதைக் கைவிட்டுப் போயிருக்க வாய்ப்பு குறைவு. பிறந்த முதல் நாள்களில் பெண் மான் தன் குட்டியை மறைவான இடத்தில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும், பால் கொடுக்கத் திரும்பி வரும். குட்டி அசையாமல் கிடப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் தாய் வராது. நாயைக் கட்டிவையுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மறுநாளும் தாய் வராமல் குட்டி கத்திக்கொண்டே இருந்தால், அல்லது காயம் இருந்தால், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். புட்டிப்பாலில் வளர்ந்த ஆண் குட்டி மனிதரைக் கண்டு பயப்படாது. கொம்பு முளைத்து, துணை தேடும் பருவம் வந்ததும் அந்தப் பயமின்மையே ஆபத்தாகிவிடும். வளர்ந்த ஆண் எழுபது கிலோ அளவுக்கு வரும், கொம்பு ஒரு மீற்றரை நெருங்கும். தனக்குப் பால் கொடுத்த கையையே எதிரியாக எண்ணிக் குத்தக்கூடிய விலங்கை ஆட்டுக் கொட்டிலில் வைத்திருக்க முடியாது.

இனி உங்கள் பயிற்றைக்கு வருவோம். புள்ளிமான் அடிப்படையில் புல் மேயும் விலங்கு. மாரி மழையில் புல் செழித்திருக்கும்போது அது தோட்டத்தை அவ்வளவாக நாடாது. வைகாசி தொடங்கிக் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று தரையைக் காயவைத்துவிட்டால், நகரத்தில் பச்சையாக நிற்பது நீங்கள் நீர் ஊற்றும் பாத்திகள் மட்டுந்தான். இது பாதிக் காரணம். மீதிப் பாதி மனிதர்களுடையது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையிலும் மான்களுக்குப் பழத்தோல், பாண், சோறு என்று போடுகிறார்கள். வீதியோரக் குப்பையிலும் அவை வாய் வைக்கின்றன. கோணேசப் பெருமான் கையில் மானை ஏந்தியவர், அந்த அன்பில் கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விலங்குக்கு அது நன்மை செய்யவில்லை.

ஆடு வளர்ப்பவர் நீங்கள், உங்களுக்கு இது உடனே விளங்கும். மானும் ஆட்டைப் போலவே நான்கு அறை வயிறு கொண்டு அசைபோடுவது. பழக்கமில்லாமல் நிறையச் சோறும் பாணும் உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறும், வயிறு ஊதும், விலங்கு விழும். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பொலித்தீன் பையையும் அது சேர்த்து விழுங்கிவிடும். அந்தப் பை முதல் அறையிலேயே தங்கி உருண்டையாகி, தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு நிறைந்த நிலையிலேயே மான் பட்டினியால் சாகும். ஆகவே உங்கள் வளவில் சமையற் கழிவைத் திறந்து கொட்டாதீர்கள், மூடிய குழியில் பசளையாக்குங்கள். அயலவரிடமும் சொல்லுங்கள். ஒரு வீட்டில் உணவு கிடைத்தால் பத்து வீட்டு வேலியை மான் சோதித்துப் பார்க்கும்.

வேலிக்கு மீன்வலை வேண்டவே வேண்டாம். தளர்ந்து தொங்கும் நைலோன் வலையில் ஆண் மானின் கொம்பு சிக்கினால் அது உதறும், சுற்றும், மேலும் சுற்றிக்கொள்ளும். வலையை இழுத்துக்கொண்டு ஓடி வீதியில் வாகனத்தில் மோதும், அல்லது அந்த இடத்திலேயே களைத்துச் செத்துவிடும். முட்கம்பியும் தோலைக் கிழிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. நம் ஊரின் கிடுகு வேலியையே நான் பரிந்துரைக்கிறேன். அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் குதிக்க மான் தயங்கும். ஆகவே உயரத்தைவிட மறைப்புக்கே இங்கே வேலை அதிகம். ஆறடி உயரத்துக்குக் கிடுகையோ பனையோலையையோ நெருக்கமாகக் கட்டுங்கள். அடியில் இடைவெளி விடாதீர்கள். தாவ முடிந்தாலும் முதலில் அது நுழையத்தான் பார்க்கும். பின்பக்கம் மட்டும் கம்பிவலை அடிப்பதானால் ஏழடிக்குக் குறையாமல், இறுக்கமாக இழுத்து அடியுங்கள்.

வேலி முடியும்வரை பயிற்றையையும் பொன்னாங்காணியையும் வீட்டோரப் பாத்திக்கு மாற்றி, வெளி ஓரத்தில் வெங்காயம், மஞ்சள், கற்பூரவள்ளி வையுங்கள். வாசனை மிகுந்த இவற்றை மான் அவ்வளவாக விரும்பாது. பசி முற்றினால் எதையும் கடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சவர்க்காரக் கட்டி தொங்கவிடுவது, முட்டைக் கரைசல் தெளிப்பது எல்லாம் சில நாள் பலன் தரும். ஒரு மழையில் கழுவிப் போய்விடும்.

நாயை ஏவுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். துரத்தப்பட்ட மான் தப்பி ஓடிவிட்டதாக நமக்குத் தோன்றும். அளவுக்கு மீறிய ஓட்டமும் அச்சமும் அதன் தசைகளைச் சிதைத்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்து அது எங்கோ ஒரு மூலையில் விழுந்து சாகும். சினைமானாக இருந்தால் இரண்டு உயிர். பொறி, நஞ்சு என்று யாராவது பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முருங்கையை உரித்த மான் பசிக்காகச் செய்யவில்லை. ஆட்டுக்கொம்பு ஆயுள் முழுவதும் நிற்கும். மானின் கொம்போ ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைப்பது. வளரும்போது இரத்தம் ஓடும் மென்மையான தோல் அதை மூடியிருக்கும். வளர்ச்சி முடிந்ததும் அந்தத் தோலைக் கழற்ற இளமரத்தில் தேய்க்கும். பட்டை ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் விளிம்பைக் கூரான கத்தியால் சீராக்கி போர்டோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணக் கொல்லி) பூசுங்கள். சுற்றிவர வளையமாகப் போயிருந்தால் மேல்பகுதி பிழைக்காது. காயத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள், முருங்கை திரும்பத் துளிர்க்கும். மற்றக் கன்றுகளைச் சுற்றி ஐந்தடி உயரத்துக்குத் தென்னை மட்டைகளை நட்டுக் கட்டுங்கள்.

நோய் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது இரு பக்கமும் போகும். கால் வாய் நோய் மாட்டிலிருந்து மானுக்கும் மானிலிருந்து மாட்டுக்கும் தொற்றும், உண்ணியும் அப்படியே. அரச கால்நடை வைத்தியரிடம் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போடுவியுங்கள். தண்ணீர்த் தொட்டியை இரவில் மூடுங்கள். வைக்கோலை வெளியில் குவித்து வைக்காமல் கொட்டிலுக்குள் வையுங்கள், இரவு மான்களை அதுவும் இழுக்கும். ஒரு மாடு வாயில் நுரை தள்ளி, நொண்டினால் உடனே பிரித்துக் கட்டி வைத்தியரை அழையுங்கள். அந்த மாடு மேய்ந்த பக்கம் மான் வராமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புத்தான்.

வளவில் விழுந்த கொம்பு கிடந்தால் அதை விற்கவோ வைத்தியத்துக்கென்று கொடுக்கவோ வேண்டாம், திணைக்களத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். கிடுகு வேலியை மாரி தொடங்குமுன் புரட்டாதிக்குள் முடித்துவிட்டால், அடுத்த போகப் பயிற்றையைப் பயமில்லாமல் நடலாம்.