எக்செல் திணறும் நட்சத்திரப் பட்டியலை ‘ஆக்’ எப்படிச் சமாளிக்கிறது?

‘ஆக்’ (awk) என்பது, கணினியில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் அட்டவணையில் வேண்டிய வரிசைகளை மட்டும் பிரித்துத் தரும் சின்னக் கருவி.

டைக்கோ-2 என்ற நட்சத்திரப் பட்டியலில் சுமார் 25 லட்சம் நட்சத்திரங்கள். எக்செல் தாளோ 10,48,576 வரிசையோடு நின்றுவிடும். ஆக் மொத்தக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாது. ஒரு வரியைப் படிக்கும், நிபந்தனைக்குப் பொருந்தினால் வெளியே தள்ளும், அதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். வேலூர் மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சொத்தையை ஒதுக்குவார்களே, அதேதான். எத்தனை மூட்டை வந்தாலும் கையில் இருப்பது ஒரே காய். அதனால், காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கியைப் பார்த்த ஆர்வத்தில் இறங்குபவர்களுக்குப் பழைய மடிக்கணினியே போதும்.

வெறுங்கண்ணுக்குத் தெரிபவை வேண்டுமா? ஒளியளவு 6-க்குக் கீழே என்று கேளுங்கள் (எண் குறைந்தால்தான் ஒளி அதிகம், தலைகீழ்க் கணக்கு).

மூலக் கோப்பு மாறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆக் அதைப் படிக்க மட்டுமே செய்யும், விடையை அதே பெயரில் எழுதச் சொன்னால்தான் கோப்பு காலியாகும்.