கைதட்டினால் மூன்று, யாப்பில் இரண்டு

அன்பின் ஐயா,

கோப்பாயில் ஆரம்பக் கல்வி ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறேன். விரிவுரையில் சொற்களை ஒலியாகப் பிரித்துக் கைதட்டச் சொல்கிறார்கள். தமிழ் எழுதியபடியே வாசிக்கும் மொழிதானே, 247 எழுத்தையும் பாடமாக்கினால் வாசிப்பு வராதா? ஆங்கிலத்துக்கான முறையைத் தமிழில் ஒட்டவைப்பதாகவே எனக்குப் படுகிறது. இன்னொன்று: ‘பழம்’ ஓரசை என்றேன், விரிவுரையாளர் இரண்டு என்றார். யார் சரி?

ஆசிரிய மாணவி ஒருவர்

அன்பின் தங்கைக்கு,

இரண்டு பேரும் சரி. நீங்கள் சொன்னது யாப்புக் கணக்கு, அதாவது செய்யுள் இலக்கணத்தின் கணக்கு; அவர் கேட்டது வாய்க் கணக்கு. யாப்பில் குறிலிணை, அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு குறில், சேர்ந்து நிரையசை என்ற ஓர் அசை. பின்னால் ஒற்று (புள்ளி எழுத்து) வந்தாலும் ஓரசைதான். வாயால் சொல்லிப் பாருங்கள்: ப - ழம். இரண்டு தட்டு. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய வாய்பாட்டையே எடுங்களேன். தேமா இரண்டு கணக்கிலும் இரண்டு. புளிமா யாப்பில் இரண்டு, கைக்கு மூன்று. கருவிளம் யாப்பில் இரண்டு, கைக்கு நாலு. தரம் ஒன்றுப் பிள்ளைக்கு வேண்டியது கைக் கணக்கு. இலக்கணம் நன்றாகப் படித்துவிட்டு வருபவர்கள்தான் இந்த இடத்தில் தடக்குப்படுகிறார்கள்.

பாடமாக்கினால் வாசிப்பு வருமா? ‘பட்டம்’ என்று கரும்பலகையில் எழுதி, எழுத்தெல்லாம் தெரிந்த ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். “ப, இட், ட, இம்” என்று பிழையில்லாமல் சொல்லும். சொல் மட்டும் வராது. அந்த இகரம் சொல்லிலேயே இல்லை. மெய்யைத் தனியே சொல்ல வராது என்பதற்காக நாங்கள் முன்னால் கொடுத்த முட்டு. புள்ளி வைத்த எழுத்தை முன்னெழுத்தோடு சேர்த்து, பட் - டம் என்று காட்டுங்கள். அதே பிள்ளை பட்டம் ஏற்றப் போய்விடும். ப, ட, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் நாலும் கைக்குள். 247ஐயும் முடிக்கும்வரை சொல்லைத் தள்ளிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எழுதியபடி வாசிக்கிறோம் என்பதும் முழு உண்மையல்ல. ‘காகம்’ என்பதில் முதல் எழுத்து வன்மையாக வருகிறது, நடுவில் உள்ள ககரம் மெலிந்து போகிறது. ‘தங்கம்’ என்பதில் அதே எழுத்து வேறு ஒலி. பிள்ளைக்கு இந்த விதி தேவையில்லை, அதன் காதுக்கு ஏற்கெனவே தெரியும். ஆசிரியருக்குத் தேவை. இல்லாவிட்டால் கா, க, ம் என்று ஒவ்வொன்றையும் அழுத்திச் சொல்லிக்கொடுத்து, வேலியில் இருந்து கரையும் காகத்தையே பிள்ளைக்குத் தெரியாததாக்கிவிடுவோம். அப்புறம் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறதே: ‘டீச்சர்’, ‘டயர்’ என்பவற்றை ‘ரீச்சர்’, ‘ரயர்’ என்று எழுதுகிறோம், ரகரமாகவா வாசிக்கிறோம்?

சொல்வதெழுதலில் ‘மளை’ என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையால் கோடு போடுமுன் உங்கள் வாயைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் நம்மில் பலருக்கு ழவும் ளவும் ஒன்றாகத்தான் வருகின்றன. காதில் விழாத வேறுபாட்டைப் பிள்ளை எப்படி எழுதும்? ளகரத்தில் நாநுனி மேலண்ணத்தைத் தொடுகிறது, ழகரத்தில் தொடாமல் கிட்டப்போய் நிற்கிறது. இப்படி ஒலி பிறக்கும் இடத்தைப் பார்ப்பது இறக்குமதிச் சரக்கு ஒன்றுமில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்கு இருக்கிறது.

ஆங்கிலத்தின் சிக்கல் வேறு. 26 எழுத்து, ஏறத்தாழ 44 ஒலி. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதே அங்கே பாதி வேலை. அதற்கான முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் தமிழ் ஒலியமைப்புத் தெரிந்தால் ஆங்கில வகுப்பிலும் உதவும். ‘ஸ்கூல்’ ஏன் ‘இஸ்கூல்’ ஆகிறது? தமிழ்ச் சொல் தனிமெய்யில் தொடங்குவதில்லை, பிள்ளை தன் மொழியின் ஒழுங்குக்கு அதைத் திருத்திக்கொள்கிறது.

கற்பித்தல் பயிற்சிக்குப் போனதும் பாடப்புத்தகச் சொற்களுக்கு முதல் பிள்ளைகளின் பெயர்களில் தொடங்குங்கள். கவின் என்றால் இரண்டு தட்டு, அபிராமி என்றால் நாலு. தங்கள் பெயருக்கு எத்தனை என்று அவர்களே போட்டிபோட்டுக் கொண்டு சொல்வார்கள்.