ஆர்டுயினோ ஊனோவில் ‘நினைவகம் குறைவு’ என்ற எச்சரிக்கை ஏன் வருகிறது?

ஆர்டுயினோ ஊனோ (ஆர்3) ஒரு சின்ன நிரலாக்கப் பலகை. அதில் நிரல் தங்குவது, மின்சாரம் போனாலும் அழியாத 32 கேபி ஃபிளாஷ் நினைவகத்தில். நிரல் ஓடும்போது மாறிகள் (மதிப்புகளை வைத்திருக்கும் இடங்கள்) இருப்பது வெறும் 2 கேபி ராமில். ஃபிளாஷ் கடையின் கிடங்கு என்றால், ராம் முன்னால் இருக்கும் சின்ன மேசை. எச்சரிக்கை மேசையைப் பற்றியது; பொது மாறிகள் (நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல் மாறிகள்) அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வரும்.

பெரும்பாலும் குற்றவாளி, சீரியல் மானிட்டரில் (பலகை அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சாளரம்) அச்சிட எழுதும் வாசகங்கள்தான். அவை மாறாதவை என்றாலும் பலகை உயிர்பெற்றவுடன் ராமுக்கு நகலாகிவிடும். ‘எஃப்’ மேக்ரோவுக்குள், அதாவது F("வாசகம்") என்று, இட்டால் ஃபிளாஷிலேயே இருக்கும். பெரிய அணிகளையும் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் ‘அர்ரே’) ஒருமுறை பாருங்கள்: 0 முதல் 255 வரையிலான எண்ணுக்கு இரண்டு பைட் எடுக்கும் ‘இன்ட்’ வகை எதற்கு? ஒரு பைட்டே போதும்.

எச்சரிக்கை இல்லாமல் நிரல் கம்பைல் ஆனால் (பலகைக்குப் புரியும் வடிவுக்கு மாறினால்) நினைவகம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓடும்போது ஒதுக்கப்படும் இடம், உதாரணமாக 128×64 புள்ளிகள் கொண்ட ஓலெட் திரைக்குச் சில நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) எடுக்கும் 1024 பைட், அந்தக் கணக்கில் வருவதே இல்லை.